கன்னம் வைக்கும் கிருமி!

கொங்கு நாட்டுக் கோழிப் பண்ணைகளை மிரட்டும் நோயின் கதை

தெருவின் இந்த முனையில் ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். அந்த முனையில் இன்னொருவர் நிற்கிறார். இரவு முழுவதும் காவல்.

ஆனால், பொழுது விடிந்தால் முதல் வீட்டில் களவு. மறுநாள் இரண்டாவது வீட்டில் களவு. அதற்கு மறுநாள் மூன்றாவது வீட்டில்!

எப்படி?

திருடன் தெருவுக்கே வரவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்தபடியே, அடுத்த வீட்டுச் சுவரில் கன்னக்கோலால் துளை போட்டான். அதன் வழியாக அந்தப் பக்கம் நுழைந்து விட்டான். இதைத்தான் "கன்னம் வைப்பது" என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள்.

கோவையில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வீட்டின் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அதைத் துளைத்து விட்டால், தெருவில் கால் வைக்காமலே கடைசி வீடு வரை போய்விடலாம்.

இதே வேலையைச் செய்யும் கிருமி ஒன்று இருக்கிறது. கொங்கு நாட்டுக் கோழிப் பண்ணைக்காரர்கள் அதை நன்றாக அறிவார்கள். அதுதான் மேரக்ஸ் நோய்க் கிருமி.

அது எப்படிக் கன்னம் வைக்கிறது? அதன் கன்னக்கோல் எது? அதை எப்படித் தடுப்பது?

இதோ, அந்தக் கதை!

முட்டை நகரம்

நாமக்கல்லை "முட்டை நகரம்" என்று சொல்வார்கள். ஊரைச் சுற்றிலும் கோழிப் பண்ணைகள். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து லாரி ஏறுகின்றன. கேரளாவுக்குப் போகின்றன. கப்பல் ஏறி வெளிநாட்டுக்கும் போகின்றன. பள்ளிக் குழந்தைகளின் சத்துணவுத் தட்டுக்கும் வருகின்றன.

பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் போனால் கறிக்கோழிப் பண்ணைகள். மழையை நம்பி இருந்த மேட்டுக்காட்டு விவசாயிகள் பலருக்குக் கோழிதான் இன்று கைகொடுக்கிறது.

ஆனால், முட்டைக் கோழி வளர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. குஞ்சு வாங்கிய நாளில் இருந்து, அது முட்டை இடத் தொடங்க ஏறக்குறைய 20 வாரம் ஆகும். அதுவரை தீனிச் செலவு, மருந்துச் செலவு, ஆள் கூலி. எல்லாம் செலவுதான். வரவு ஒரு காசு கிடையாது.

மேரக்ஸ் நோய் எப்போது தாக்கும் தெரியுமா? பெரும்பாலும் 12-வது வாரத்துக்கும் 24-வது வாரத்துக்கும் நடுவில்!

கடன் வாங்கித் தீனி போட்டு வளர்த்தாகி விட்டது. இனிமேல்தான் முட்டை. அந்த நேரம் பார்த்துக் கோழிகள் விழுகின்றன. கை நிறைய விளைந்த பயிர், அறுக்கப் போகிற அன்று அழிந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

கால் நீட்டிக் கிடந்த கோழி

ஒரு பண்ணையில் நடப்பதாக இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

காலையில் தீனி வைக்கப் போன அம்மாள் திடுக்கிட்டு நிற்கிறார். ஒரு கோழி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. ஒரு கால் முன்னால் நீட்டி இருக்கிறது. மறு கால் பின்னால் நீட்டி இருக்கிறது. ஓர் இறக்கை தொங்குகிறது.

"ஏனுங்க டாக்டர், நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க தீனி எடுத்துச்சு! வெள்ளைக்கழிச்சலுங்களா?"

"கழிச்சல் இல்லீங்க அம்மா. காலைப் பாருங்க. இது மேரக்ஸ் மாதிரி தெரியுது. செத்த கோழியை அறுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அறுத்துப் பார்க்கிறார் டாக்டர். தொடைக்குள் ஓடும் நரம்பு வெள்ளை நூல் போல இருக்க வேண்டும். அது கயிறு போலத் தடித்து இருக்கிறது. ஈரலில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். சில கோழிகளுக்குக் கண்ணின் நிறமே மாறிச் சாம்பல் பூத்து விடும். பார்வையும் போய்விடும்.

அந்தக் கட்டிகள் என்ன? புற்றுநோய்!

ஆம். ஒரு கிருமியால், கோழிக்குக் கோழி தொற்றிப் பரவும் புற்றுநோய் இது. வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. தடுப்பூசி வருவதற்கு முன்னால், நோய் புகுந்த கொட்டகையில் நூற்றுக்கு 30 கோழிகள் வரை செத்தது உண்டு. சில இடங்களில் 60 கூடச் செத்தது.

ஒரு நல்ல செய்தி: இந்த நோய் மனிதர்களுக்குத் தொற்றாது. கோழி முட்டைக்குள் புகுந்து குஞ்சுக்கும் போகாது. ஆகவே, முட்டை சாப்பிட யாரும் பயப்பட வேண்டியது இல்லை.

பிடிபடாத திருடன்

ஹங்கேரி நாட்டில் ஜோசப் மேரக் என்ற கால்நடை டாக்டர் இருந்தார். 1907-ம் ஆண்டில், கால் விளங்காமல் போன நான்கு சேவல்களை அவர் சோதித்தார். நரம்புகள் வீங்கி இருப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அவர் பெயரே பின்னர் நோய்க்குப் பெயர் ஆயிற்று.

நோய் தெரிந்தது. ஆனால், நோயைத் தருவது எது? அது மட்டும் அகப்படவில்லை. ஆண்டுகள் 10 அல்ல, 20 அல்ல. 60 ஆண்டுகள் ஓடின!

விஞ்ஞானிகள் என்ன செய்வார்கள்? நோய்ப்பட்ட உறுப்பை அரைத்துச் சாறு எடுப்பார்கள். மெல்லிய வடிகட்டியில் வடிப்பார்கள். கிருமி மிகவும் சிறியது. ஒரு மில்லிமீட்டரை 5,000 கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அளவு. ஆகவே, கிருமி வடிகட்டியைத் தாண்டிச் சாற்றோடு வந்துவிடும். அந்தச் சாற்றை நல்ல கோழிக்குப் போட்டால் நோய் வரும். இதுதான் வழக்கம்.

மேரக்ஸ் நோயில் இந்த வழக்கம் பலிக்கவில்லை. வடித்த சாற்றால் நோய் வரவில்லை!

இங்கிலாந்தில் பீட்டர் பிக்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். நோய்ப்பட்ட கோழியின் ரத்தத்தை வடிக்காமல் அப்படியே குஞ்சுக்குப் போட்டார்கள். நோய் வந்தது! ரத்தத்தில் உள்ள உயிரணுக்கள் உயிரோடு இருந்தால் நோய் வந்தது. அவை செத்துவிட்டால் வரவில்லை.

அதாவது, திருடன் எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். வீடு இடிந்தால் அவனும் ஒழிகிறான்.

கடைசியில் 1967-ல் சர்ச்சில் என்ற விஞ்ஞானியும் பிக்சும் கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அது "ஹெர்பிஸ்" என்ற கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது.

கன்னக்கோல் எது?

உடம்பு ஓர் ஊர் என்றால், உயிரணு ஒவ்வொன்றும் ஒரு வீடு. கோடானு கோடி வீடுகள் நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன. வீட்டின் சுவர், எண்ணெய்ப் படலம் போன்ற மெல்லிய சவ்வு.

சாதாரணக் கிருமிகள் பல என்ன செய்கின்றன? ஒரு வீட்டுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. பிறகு வெளியே வந்து, தெருவில் மிதந்து, வேறு வீடுகளைத் தேடுகின்றன. உடம்பின் எதிர்ப்புப் பொருள்கள்தான் தெருவில் நிற்கும் போலீசார். மிதந்து வரும் கிருமியை அவை வளைத்துப் பிடித்து விடுகின்றன.

மேரக்ஸ் கிருமி தெருவுக்கு வருவதில்லை. அது குடியிருக்கும் உயிரணுவையே தனக்கு வேலைக்காரனாக ஆக்கிக் கொள்கிறது. அந்த உயிரணுவை வைத்தே சில புரதங்களைச் செய்து கொள்கிறது. அவற்றில் இரண்டுக்கு "ஜி-இ", "ஜி-ஐ" என்று பெயர். சர்க்கரை ஒட்டிய புரதங்கள் இவை.

இவை இரட்டையர். செய்து முடிந்த உடனே ஒன்றோடு ஒன்று கை கோத்துக் கொள்ளும். பிரிந்தால் வேலை நடக்காது.

நம் உதட்டில் கொப்புளப் புண் உண்டாக்கும் கிருமியும் ஹெர்பிஸ் குடும்பம்தான். அதிலும் இதே இரட்டையர் உண்டு. அவர்கள் செய்யும் வேலையை 1990-களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இரட்டையர் உயிரணுவுக்குள் கண்டபடி திரிவதில்லை. அடுத்த உயிரணுவோடு ஒட்டி நிற்கும் பக்கச் சுவரைத் தேடிப் போகிறார்கள். புதிதாகப் பிறந்த கிருமிகளையும் அந்தப் பக்கமாகத் திருப்பி விடுகிறார்கள். "ஜி-பி" போன்ற வேறு புரதங்கள் சவ்வோடு சவ்வைச் சேர்த்து வழி திறக்கின்றன. கிருமி அந்தப் பக்கம் போய்விடுகிறது.

தெருவில் நிற்கும் போலீசாருக்கு ஒன்றுமே தெரியாது!

உதட்டுப் புண் கிருமியில் ஜி-இ புரதத்தை நீக்கிப் பார்த்தார்கள். தெருவழியாக வந்து வீட்டுக்குள் நுழைவதில் அதற்குக் குறை இல்லை. ஆனால், சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குப் போவதில் தடுமாறியது.

மேரக்ஸ் கிருமிக்கோ தெரு வழியே தெரியாது. அதன் கன்னக்கோலைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

2001-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் இதைச் செய்து பார்த்தார்கள். ஜி-இ இல்லாத கிருமி ஒன்று. ஜி-ஐ இல்லாத கிருமி ஒன்று. இரண்டையும் தனித் தனியாகக் கோழி உயிரணுக்களுக்குள் வைத்தார்கள். இரண்டு கிருமிகளும் வைத்த வீட்டிலேயே நின்றுவிட்டன! பக்கத்து வீட்டுக்குப் போக முடியவில்லை. எடுத்த புரதத்தைத் திருப்பிக் கொடுத்ததும், மறுபடி வீடு வீடாகப் புறப்பட்டு விட்டன.

கன்னக்கோல் எது என்று உறுதியாகத் தெரிந்து விட்டது.

வான்கோழி தந்த மருந்து

கன்னக்கோலைப் பற்றித் தெரிவதற்கு முன்பே தடுப்பூசி வந்துவிட்டது. 1969-ல் இங்கிலாந்தில், வீரியம் குறைத்த மேரக்ஸ் கிருமியைக் கொண்டு ஊசி தயாரித்தார்கள். 1970-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொரு வழி கண்டார்கள். வான்கோழியிடம் இதே போன்ற ஒரு கிருமி இருந்தது. அது கோழிக்குத் தீங்கு செய்யாது. அதைக் குஞ்சுக்குப் போட்டால், மேரக்ஸ் நோயைத் தடுத்தது!

பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார் அல்லவா, டாக்டர் ஜென்னர்? அதே தந்திரம்தான் இது.

புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்ற பெருமை இதற்குத்தான் உண்டு. அது மனிதனுக்குக் கிடைக்கவில்லை, கோழிக்குக் கிடைத்தது!

கொதிக்கும் குளிர்

மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் ஒரு கனமான பாத்திரம் கொண்டு வருவாரே, பார்த்திருக்கிறீர்களா? மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வரும். உள்ளே திரவ நைட்ரஜன் இருக்கும். அதன் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி.

குஞ்சு பொரிப்பகங்களில், மேரக்ஸ் ஊசி மருந்தையும் அதே மாதிரிப் பாத்திரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு பாடு? மற்ற மருந்தைப் போலப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்தால் என்ன?

இப்போது உங்களுக்கே விடை தெரியும். ஊசிக் கிருமியும் கன்னம் வைக்கும் ஜாதிதான்! வீட்டை விட்டு வெளியே வந்தால் வாழாது. ஆகவே, அது குடியிருக்கும் உயிரணுக்களோடு சேர்த்து, அவை சாகாமல் உறைய வைக்கிறார்கள். ஊசி வழியாக அந்த உயிரணுக்கள் குஞ்சின் உடம்புக்குள் போகின்றன. அங்கே உள்ள உயிரணுக்களோடு ஒட்டுகின்றன. நல்ல கிருமி சுவர் வழியாக உள்ளே போகிறது.

வான்கோழிக் கிருமியை மட்டும் உயிரணுவிலிருந்து பிரித்து, உலர்த்திப் பொடியாகவும் தயாரிக்க முடிகிறது. ஆனால், அதில் ஒரு குறை. தாய்க்கோழி தன் குஞ்சுக்கு மஞ்சள் கரு வழியாக எதிர்ப்புப் பொருளைக் கொடுத்து அனுப்புகிறது. தனியாக வரும் கிருமியை, நல்லது என்று தெரியாமல் அது பிடித்து அழித்து விடுகிறது. உயிரணுவுக்குள் ஒளிந்து வரும் கிருமி அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. திருடனின் தந்திரம் இங்கே நமக்கு உதவுகிறது!

ஊசி என்ன செய்கிறது? தெருப் போலீசாரை மட்டும் அது நம்புவதில்லை. வீட்டுக்குள்ளே புகுந்து சோதனை போடும் படை ஒன்று உடம்பில் உண்டு. எந்த உயிரணுவுக்குள் கிருமி இருக்கிறது என்று பார்த்து, அந்த உயிரணுவையே அது அழித்து விடும். ஊசி அந்தப் படைக்குப் பயிற்சி கொடுக்கிறது.

குஞ்சு பொரித்த முதல் நாளே, கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி போட வேண்டும். உறைந்த குப்பியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் விரைவாக உருக்க வேண்டும். கலந்த மருந்தை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பாத்திரத்தில் நைட்ரஜன் குறைந்தாலும், கலந்து வெகு நேரம் வைத்தாலும், உயிரணுக்கள் செத்துவிடும். பிறகு ஊசி போட்டும் போடாதது போலத்தான்.

"ஊசி போட்டும் நோய் வந்து விட்டதே!" என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஒரே ஒரு வாசல்

இன்னொரு காரணமும் உண்டு.

தெருவுக்கே வராத கிருமி, ஒரு கோழியிடம் இருந்து மறு கோழிக்கு எப்படிப் போகிறது? இரண்டு கோழிகளுக்கும் நடுவில் பொதுச்சுவர் இல்லையே!

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி கால்னெக்கும் அவருடைய கூட்டாளிகளும் 1970-ல் இந்தப் புதிரை விடுவித்தார்கள். கோழியின் உடம்பில் ஒரே ஓர் இடத்தில் இந்தக் கிருமி முழு உருவம் பெற்று, வெளியே வருகிறது. அது இறகு முளைக்கும் குழி! அங்கே உள்ள தோல் உயிரணுக்கள் செத்துப் பொடுகாக உதிர்கின்றன. கிருமி அந்தப் பொடுகோடு பறக்கிறது. கொட்டகைத் தூசியில் பல மாதம் உயிரோடு காத்திருக்கிறது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்த குஞ்சுக்கு நோய் தொற்றுகிறது.

ஊசி போட்ட குஞ்சுக்குப் பாதுகாப்பு உண்டாக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி நிறைந்த தூசி உள்ளே போனால், ஊசி தோற்றுப் போகலாம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. இந்த ஊசி நோயைத் தடுக்கிறது. ஆனால், கிருமி உடம்புக்குள் வருவதை அடியோடு தடுப்பதில்லை. மிகக் கொடிய கிருமி தாக்கினால், ஊசி போடாத கோழி அதைப் பரப்புவதற்கு முன்பே செத்து விடுகிறது. ஊசி போட்ட கோழி பிழைத்துக் கொள்கிறது. ஆனால் பல வாரம் கிருமியைத் தூசியில் கொட்டுகிறது. 2015-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதைக் காட்டியது. ஆகவே, ஊசி போட்டாயிற்று என்று கை கட்டி உட்காரக் கூடாது.

பண்ணைக்காரர்கள் செய்ய வேண்டியது என்ன?

குஞ்சுக் கொட்டகையை வளர்ந்த கோழிக் கொட்டகையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பழைய கோழிகள் போன பிறகு இறகு, தூசி, எரு எல்லாவற்றையும் அகற்றிக் கழுவி, மருந்து தெளித்து, சில நாள் காலியாக விடுங்கள். குஞ்சு வளர்ப்பவர், முதலில் குஞ்சுகளைக் கவனித்து விட்டுப் பிறகுதான் பெரிய கோழிகளிடம் போக வேண்டும். செருப்பும் உடையும் வேறு வேறாக இருக்கட்டும். குஞ்சு வாங்கும்போது, "முதல் நாள் மேரக்ஸ் ஊசி போட்டீங்களா?" என்று கேட்டு வாங்குங்கள்.

கால் இழுத்த கோழியைக் கண்டால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்தோறும் கால்நடை டாக்டர்கள் இருக்கிறார்கள். செத்த கோழியை ஓடையில் வீசாமல், அவர்களிடம் கொண்டு காட்டுங்கள்.

நம் வீட்டிலும் உண்டு

கோழியின் கதைதானே என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் சின்னம்மைக் கிருமியும் இதே ஹெர்பிஸ் குடும்பம். அது வேறு கிருமி. கோழியிடம் இருந்து வருவது அல்ல. ஆனால், குணம் ஒன்றுதான். அதுவும் உடம்புக்குள் சுவர் வழியாகத்தான் அதிகம் நடக்கிறது. 1953-ல் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் வெல்லர் அதை ஆய்வுக் கூடத்தில் வளர்த்தபோது, உயிரணுக்களை மாற்றி வைத்துத்தான் தொடர்ந்து வளர்க்க முடிந்தது.

சின்னம்மை இறங்கிய பிறகும் அந்தக் கிருமி நரம்புக்குள் ஒளிந்து கொள்ளும். முப்பது, நாற்பது ஆண்டு கழித்து, உடம்பு தளர்ந்த நேரத்தில் நரம்பு வழியாக வெளியே வரும். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகக் கொப்புளம். தீப்பட்டது போல எரிச்சல். அதுதான் அக்கி.

அக்கி வந்தால் செங்காவியால் எழுதுவது நம் ஊர் வழக்கம். எழுதுகிறவர்கள் எழுதட்டும். ஆனால், கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போய்விட வேண்டும். கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரைகள் இன்று உண்டு. தொடக்கத்திலேயே சாப்பிட்டால்தான் பலன் அதிகம். நெற்றியிலோ கண் பக்கத்திலோ அக்கி வந்தால், அன்றைக்கே போக வேண்டும். தாமதித்தால் பார்வைக்கே ஆபத்து வரலாம்.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் தடுப்பூசிகள் வந்துவிட்டன. டாக்டரைக் கேட்டுப் போட்டுக் கொள்ளலாம்.

காவல் எங்கே?

கன்னம் வைக்கும் திருடனைத் தெருவில் தேடினால் அகப்பட மாட்டான். வீட்டுக்குள் சோதனை போட ஆள் வேண்டும். அது முதல் நாள் ஊசி. அவன் வெளியே வரும் ஒரே வாசலில் காவல் வேண்டும். அது கொட்டகைச் சுத்தம்.

இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், 20 வாரத் தீனிச் செலவு வீணாகலாம். இரண்டும் சரியாக இருந்தால், காலையில் தீனி வைக்கப் போகும் அம்மாளின் கூடையில் முட்டை நிறையும்.